மலையிலிருந்து கடலுக்கு: முதல் சஃபாரி போட் டைவிங் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீடு நுவரெலியாவில், லீக்ஸ் பாத்திகளுக்கும் கரட் பாத்திகளுக்கும் நடுவே. வாசலில் நின்றால் பனிமூட்டம் தெரியும், கடல் தெரியாது. இரண்டு முறை மாலைதீவில் ஒரு கிழமை படகிலேயே தங்கி டைவிங் செய்துவிட்டு வந்தேன். அதிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஹட்டன் பஸ்ஸிலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சஃபாரி போட் என்றால் என்ன? ஹோட்டலில் தங்கி டைவிங் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஹோட்டலில் தங்கினால் தினமும் காலையில் வள்ளத்தில் போய், டைவ் செய்து, கரைக்குத் திரும்புகிறீர்கள். சஃபாரி போட்டில் கரையே இல்லை. தூக்கம், சாப்பாடு, குளிப்பு எல்லாம் படகில்தான். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் படகு அடுத்த இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் லைவ்அபோர்ட் என்பார்கள், மாலைதீவில் எல்லாரும் சஃபாரி என்றே சொல்கிறார்கள்.

பெரிய படகிலிருந்து நேரே குதிப்பதில்லை. கூடவே ஒரு சின்னப் படகு வரும். மூச்சுவிடும் காற்று டேங்குகளும் அவற்றை நிரப்பும் கம்ப்ரெஸரும் அதில்தான் இருக்கும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தோனி'. நம்முடைய தோணியேதான். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பயம் போய்விட்டது.

ஏன் மாலைதீவு? இலங்கையிலேயே செய்யக்கூடாதா?

டைவிங் தாராளமாகச் செய்யலாம். கிழக்கில் மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, மட்டக்களப்பு. தென்மேற்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, உனவட்டுன, கொழும்புக்கு வெளியே மூழ்கிய கப்பல்கள். ஆனால் கிழமைக்கணக்கில் கடலில் தங்கும் டைவிங் படகுகள் இங்கே பரவலாக இல்லை. மாலே பக்கத்தில்தான் இருக்கிறது, கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போக அதைவிட மூன்று மடங்கு நேரம் ஆகிறது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் விசா இலவசமாகத் தருவார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'ஐமூகா' என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கும் காசில்லை. காசு கேட்கும் தளம் வந்தால் அது வேறு யாரோ.

எனக்கு நீச்சலே தெரியாது. ஆற்றில் முழங்கால் வரைதான் இறங்கியிருக்கிறேன்.

நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதே கதைதான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்கும், ஆனால் "தண்ணிப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அது தப்பும் இல்லை. நீர்த்தேக்கத்திலும் அருவி மடுவிலும் நீச்சல் பழகாதீர்கள். அடியில் சேறும் மரக்கட்டையும் கிடக்கும், குளிரும் அதிகம். கண்டியிலோ கொழும்பிலோ ஒரு நீச்சல் குளத்தில் ஆள் வைத்துப் பழகுங்கள்.

டைவிங்கின் முதல் படியான ஓபன் வாட்டர் பயிற்சிக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். வேகம் பார்க்கமாட்டார்கள். அப்புறம் எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். எனக்கு மிதப்பதற்குத்தான் மூன்று மாதம் ஆனது. 27 வயதில், கண்டியில், எட்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் பழகினேன். ஒரு பையன் "ஆன்ட்டி, வயித்த மேல தூக்குங்க" என்றான். அதுதான் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாடம்.

ஓபன் வாட்டர் முடித்தவுடன் சஃபாரிக்குப் போகலாமா?

பதிவு செய்ய ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஓபன் வாட்டர் உங்களை 18 மீட்டர் ஆழம் வரை அனுமதிக்கும், அடுத்த படியான அட்வான்ஸ்ட் 30 மீட்டர் வரை. மாலைதீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 30 மீட்டர்தான். அங்கே நல்ல இடங்கள் பலவும் கால்வாய்கள். பவளத் தீவு வளையத்தின் இடைவெளியில் கடல் ஆறு மாதிரி ஓடும். சுறாவும் திருக்கையும் அந்த ஓட்டத்துக்குத்தான் வருகின்றன. அதனால் பல படகுகள் அட்வான்ஸ்ட் சான்றிதழோடு 30 அல்லது 50 டைவ் கணக்கும் கேட்கும். புதியவர்களுக்கான அமைதியான பயணப் பாதைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

என் கருத்து: திருகோணமலையிலும் ஹிக்கடுவையிலும் சேர்த்து 25 டைவாவது செய்துவிட்டுப் போங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் பதறாமல் வெளியேற்றவும், ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்கவும் வந்துவிட்டால் சரி. அது வராமல் போனால் ஒரு கிழமையும் உங்களோடு நீங்களே சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள், மீன் பார்க்க நேரம் இருக்காது.

முடிந்தால் நைட்ரொக்ஸ் பயிற்சியையும் சேர்த்து முடியுங்கள். ஒக்சிஜன் கூடின, நைட்ரஜன் குறைந்த காற்று அது. ஒரு நாளில் மூன்று டைவ் செய்யும்போது உடம்பில் சேரும் நைட்ரஜன் குறையும். அது ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

காது வெடித்துவிடாதா?

பஸ்ஸில் ரம்பொடை இறக்கத்தில் காது அடைக்கிறதே, எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கிறதே, அதேதான். நீங்கள் பிறந்ததிலிருந்து செய்துவருகிற வேலை. தண்ணீரில் அவசரம் மட்டும் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 80 வீதம். முறுக்குப் பைக்கற்றைக் கொழும்பில் வாங்கி மேலே கொண்டுவந்தால் பந்து மாதிரி உப்பி நிற்பது அதனால்தான். அந்த வித்தியாசம் முழுவதும், ஐந்து மணி நேர பஸ் பயணம் முழுவதும், தண்ணீரில் வெறும் 2 மீட்டர். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் அடியைத் தொடுகிற தூரம். அதனால் இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பொத்தி மெதுவாக ஊத வேண்டும், வலி வருவதற்கு முன்பே. வலி வந்தபின் ஊதினால் திறக்காது. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள்.

தடிமனோடு டைவ் செய்யாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நம் வீடுகளில் யாருக்குத்தான் தடிமன் இல்லை? மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று தோன்றும். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் சைனஸில் மாட்டிக்கொள்ளும். நான் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே தும்முகிற ஆட்கள் பக்கத்தில் உட்காருவதில்லை. சொந்தக்காரர் கோபித்துக்கொண்டார்கள்.

ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள்?

பதிவு செய்யும்போது ஒரு மருத்துவப் படிவம் வரும். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் வைத்தியரின் கையெழுத்து வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், படகில் ஏறியபின் வைத்தியரைத் தேட முடியாது. மறைத்துப் போகாதீர்கள். கர்ப்பிணிகள் டைவ் செய்யக்கூடாது.

மாதவிடாய் நாட்களில்? இரத்த வாசனைக்குச் சுறா வருமாமே?

என் சித்தி உட்படக் குறைந்தது பத்துப் பெண்கள் காதோடு கேட்ட கேள்வி. டைவ் செய்யலாம். அதற்காகச் சுறா வந்து தாக்கியதாக ஆதாரம் எதுவும் இல்லை. வலியும் சோர்வும் அதிகமாக இருந்தால் அன்றைக்கு ஒரு டைவை விட்டுவிடுங்கள். படகில் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை, டைவ் செய்யாமல் மேல்தட்டில் படுத்திருப்பதும் அங்கே சாதாரணம்.

ஆடை பற்றியும் கேட்கிறார்கள். நான் முழுக்கை ரேஷ் கார்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) லெகின்ஸும்தான். அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் வெட்சூட். தண்ணீர் 28, 29 பாகை இருக்கும். நம் பைப் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அது வெந்நீர்.

எவ்வளவு செலவு?

நேராகச் சொல்கிறேன். ஒரு கிழமைக்கு ஆளுக்கு ஏறக்குறைய 1,500 டொலரில் தொடங்கும், மேலே எல்லையில்லை. அதோடு விமான டிக்கெட், நைட்ரொக்ஸ், வாடகைச் சாமான், டைவிங் காப்புறுதி, பணியாளருக்கான அன்பளிப்பு. 2025 ஜனவரியிலிருந்து சஃபாரி போட் பயணிக்கு நாளொன்றுக்கு 12 டொலர் பசுமை வரியும் உண்டு, அது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல்தான் வர்த்தமானி வந்தது. அதைவிடக் குறைந்த சம்பளத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து டொலர்க் கணக்கு எழுதுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் நான்கு வருடம் சீட்டுப் போட்டுத்தான் முதல் பயணம் போனேன். கடைசி நேரத்தில் இடம் காலியாக இருந்தால் சில படகுகள் விலையைக் குறைப்பார்கள். என் மாமா மகன் ஒரு சஃபாரி போட்டில் சமையல் வேலை செய்கிறான், அவன் சொல்லித்தான் இரண்டாவது பயணம் பாதி விலைக்குக் கிடைத்தது. மாலைதீவில் வேலை செய்யும் சொந்தக்காரர் இல்லாத வீடு மலையகத்தில் குறைவு. விசாரித்துப் பாருங்கள்.

காப்புறுதியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல நேரம் டைவிங்கைச் சேர்ப்பதில்லை. டைவிங்கால் உடம்பில் குமிழ் வந்து அழுத்த அறையில் சிகிச்சை எடுக்க நேர்ந்தால் வரும் பில் வீட்டையே விற்கவைக்கும்.

எந்த மாதம் நல்லது?

முதல் பயணத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. மே முதல் நவம்பர் வரை மழையும் காற்றும் இருக்கும், ஆனால் மிதவை உயிர்கள் பெருகுவதால் மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். பா அட்டோலில் (அட்டோல் என்றால் பவளத் தீவு வளையம்) இருக்கும் ஹனிஃபாரு குடா அதற்குப் பேர்போனது. அங்கே டேங்கோடு இறங்கத் தடை, மேலே மிதந்தபடி குழாயில் மூச்சுவிடும் ஸ்நோர்க்கல் மட்டும்தான்.

படகில் ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிய 5.45க்குக் கதவு தட்டுவார்கள். கொழுந்துக்குப் போக அம்மா எழும்பும் நேரம்தான். பிஸ்கட், தேநீர், பிறகு டைவ் மாஸ்டர் வெள்ளைப் பலகையில் படம் வரைந்து விளக்குவார்: எங்கே குதிப்பது, நீரோட்டம் எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம். 6.30க்குத் தண்ணீரில். ஏறி வந்து காலைச் சாப்பாடு, தூக்கம். 11 மணிக்கு இரண்டாவது. மதியச் சாப்பாடு, தூக்கம். 3 மணிக்கு மூன்றாவது. சில நாள் இரவு டைவும் இருக்கும்.

இரவு டைவ் என்றால் வாவு அட்டோலில் அலிமதா. தீவின் இறங்குதுறைக்கு அருகே மணல் தரையில் டோர்ச்சோடு மண்டியிட்டு உட்காரச் சொன்னார்கள். வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்கு அப்பால் கருமை. அந்தக் கருமையிலிருந்து நர்ஸ் சுறாக்கள் வந்தன. ஒன்று, அப்புறம் ஐந்து, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒன்று என் தோளை உரசிக்கொண்டு போனது, சணல் சாக்கு உரசுகிற மாதிரி. அவை மனிதரைத் தேடி வருபவை அல்ல என்று பலகையில் படித்திருந்தேன். இருந்தாலும் மூச்சுவிட வாயில் வைக்கும் ரெகுலேட்டரைக் கடித்த கடியில் மறுநாள் தாடை வலித்தது. அங்கே அவை கூடுவது மனிதர் உணவு போட்டுப் பழக்கியதால்தான். அது சரியா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு.

டேங்கில் 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கி 50 பாரோடு மேலே வர வேண்டும். ஏறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பீர்கள். நீரோட்டம் உங்களை எங்கே கொண்டுபோனாலும் ஒரு நீள செம்மஞ்சள் பலூனை மேலே விட்டால் தோணி தேடி வரும். அதைச் சொசேஜ் என்பார்கள். சொந்தமாக ஒன்று வாங்கி, நீச்சல் குளத்தில் ஊதிப் பழகிக்கொள்ளுங்கள். வாடகை மாஸ்க்கையும் நம்பாதீர்கள், உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

வாந்தி வருமா?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தோடம்பழத் தோலை முகர்ந்து வளர்ந்தவர்கள்தானே நாம். வளைவுக்கு வாந்தி எடுப்பவருக்குக் கடலிலும் வரலாம். மாலைதீவில் பெரும்பாலும் அட்டோலுக்குள்ளே ஓடுவதால் அலை குறைவு, ஒரு அட்டோலிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்போதுதான் ஆட்டும். மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் தரும், அதனால் வீட்டிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். நான் இஞ்சி மிட்டாயும் சித்தாலேபத் தைலமும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் படகில் இருந்த ஜெர்மன்காரர்கள் முழுக்க சித்தாலேப வாசனை.

சாப்பாடு?

பயப்படவே வேண்டாம். நம் சம்பலில் போடும் மாசிக் கருவாடு அவர்கள் ஊரிலிருந்து வருவதுதான். காலைச் சாப்பாட்டுக்கு 'மஸ் ஹுனி' என்று ஒன்று: தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், தேசிக்காய், சூரை மீன், கூடவே மெல்லிய ரொட்டி. தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும். மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.

தேநீர்தான் கொடுமை. நூல் கட்டிய பையைச் சுடாத தண்ணீரில் முக்கித் தருகிறார்கள். கால் கிலோ தேயிலைத் தூள் கொண்டுபோங்கள். சமையற்காரர் இலங்கையராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அவரும் மகிழ்வார்.

எதைக் கொண்டுபோகக்கூடாது?

மதுபானம், பன்றி இறைச்சி. அப்புறம் நம் ஆட்கள் கவனிக்காதது: வழிபாட்டுச் சிலைகள். கைப்பையில் சின்னப் பிள்ளையார் இருந்தாலும் சுங்கத்தில் எடுத்துவைக்கச் சொல்லலாம். பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படகு பாதுகாப்பானதா? எதைப் பார்க்க வேண்டும்?

சுறாவைப் பற்றிக் கேட்கும் ஆட்கள் இதைக் கேட்பதில்லை. 2019 செப்டம்பர் 2ஆம் திகதி கலிபோர்னியா கரையோரம் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகில் விடியற்காலையில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இரவுக் காவலுக்கு யாரையும் நிறுத்தவில்லை என்பதற்காகக் கப்டன் மீது வழக்கு நடந்து, 2023இல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அதனால் ஏறிய முதல் மணி நேரத்திலேயே உங்கள் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை. புகை அலாரம் எங்கே, உயிர்க்கவசம் எங்கே, இரவில் விழித்திருப்பவர் யார் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற படகு வேண்டாம். கமெரா, டோர்ச் பேட்டரிகளை அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

மலையிலிருந்து நேரே போய்க் கடலில் இறங்கலாமா?

உயரத்திலிருந்து வருவதால் கெடுதல் இல்லை. நம் உடம்பில் நைட்ரஜன் கரையோர ஆட்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இரவுப் பயணக் களைப்புத்தான் பிரச்சினை, ஓரிரவு தூங்கிவிட்டு இறங்குங்கள். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கொம்பியூட்டரில் உயரத்தைக் கையால் மாற்றும் மாதிரிகள் உண்டு. வீட்டில் நோண்டியிருந்தால் கடல்மட்டத்துக்கு மாற்றுங்கள்.

திரும்பி வரும்போது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இதை யாரும் கேட்பதில்லை.

ஆழத்தில் மூச்சுவிடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் மெதுவாக வெளியேறும். அது வெளியேறும் முன்பே அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி குமிழ் வரலாம். அதனால்தான் கடைசி டைவுக்குப் பின் உடனே விமானம் ஏறக்கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலெர்ட் நெட்வேர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல். சஃபாரி போட்டுகள் பெரும்பாலும் 24 மணி நேரம் விடுவார்கள். கடைசி நாள் டைவ் இல்லாமல் மாலே தெருவில் சுற்றுவது அதற்காகத்தான்.

விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். அதாவது நாம் குடியிருப்பதே விமானத்துக்குள்! அந்த வழிகாட்டல் சுமார் 610 மீட்டருக்கு மேலே ஏறுகிற எவருக்கும் பொருந்தும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை எல்லாம் ஏறக்குறைய இரு மடங்கு, அல்லது அதற்கும் மேல். பதுளைகூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

மாலைதீவிலிருந்து வருபவருக்குக் கவலையில்லை, விமானத்துக்காக எப்படியும் காத்திருந்திருப்பார். கட்டுநாயக்காவில் இறங்கி நேரே வீட்டுக்குப் போகலாம். ஆபத்து திருகோணமலைக்குப் போய் வருபவருக்குத்தான். விமானமே இல்லாததால் காத்திருக்கவேண்டும் என்ற நினைப்பே வராது.

எனக்கும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருகோணமலையில் இரண்டு டைவ். பகல் ஒரு மணிக்கு வேன். எங்கே போகிறாய் என்று டைவிங் கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரம்பொடை தாண்டியதும் வலது தோள் மூட்டுக்குள் ஒரு வலி, தொட்டால் தெரியாத வலி. டேங்க் தூக்கியதால் என்று நினைத்து சித்தாலேப தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டது. பிறகு டைவிங் மருத்துவம் தெரிந்த ஒரு வைத்தியரிடம் சொன்னபோது, அது குமிழாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றார். வேனைத் திருப்பிக் கீழே இறங்கி ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் கேட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது என் வழக்கம் இது. கடைசி டைவ் சனிக்கிழமை காலையில். அன்றிரவு கீழேயே தங்குவேன், தம்புள்ளையிலோ மாத்தளையிலோ. கண்டி சுமார் 500 மீட்டர்தான், அதுவும் சரி. பதுளைப் பக்கத்து ஆட்கள் மகியங்கனையில் தங்கலாம். ஞாயிறு பின்னேரம் மலை ஏறுவேன். மூட்டு வலி, கை கால் விறைப்பு, தலைச்சுற்று, தோலில் புள்ளி விழுவது எது வந்தாலும் ஏறாதீர்கள். ஏறிவிட்டால் இறங்குங்கள். வைத்தியரிடம் "டைவிங் செய்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது?

அம்மாவிடம் நான் "மாலைதீவுக்குப் போகிறேன், மாமா மகன் இருக்கிறான்" என்று மட்டும்தான் சொன்னேன். திரும்பி வந்து வீடியோவைக் காட்டினேன். ஆமை ஒன்று பவளத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் காட்சியை நான்கு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு மீன் இருக்கு, நீ ஒரு மாசித் துண்டுகூடக் கொண்டுவரலயே" என்றார்.